படிக்கக் காத்திருக்கும் நூல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படித்து முடிக்க இயலாத அளவுக்குப் புத்தகங்களை வாங்கிக் குவிப்பது வீண் ஆடம்பரம் என்றும், கையில் இருப்பதைப் படித்த பிறகே அடுத்ததை வாங்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த விதி தமிழ் நூல்களுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழில் வெளிவரும் ஒரு நூல் எப்போது போனாலும் கடையில் கிடைக்கும் என்று எண்ணுவதற்கில்லை. முன்பெல்லாம் ஒரு பதிப்புக்கு ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு படிகள் அச்சிடுவது வழக்கமாக இருந்தது; தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு சில நூறு படிகளோடு நிறுத்திக்கொள்ளும் பதிப்பகங்கள் பல. புகழ்பெற்ற நாவல்களுக்காவது மறுபதிப்பு வரும். வட்டார வரலாறு, அகராதி, சிறு பதிப்பகங்களின் மொழிபெயர்ப்பு, பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் போன்ற அமைப்புகளைப் பற்றிய சிறு வெளியீடுகள் ஆகியவை ஒருமுறை விற்றுத் தீர்ந்துவிட்டால், பதிப்பாளரே தம்மிடம் ஒரு படியும் இல்லை என்று கைவிரிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு ஓய்வு கிடைத்துவிடும், நூல் கிடைக்காது.

வட சென்னையில் வாழும் எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி இப்போது நந்தனத்தில் நடக்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் நகரின் மறுகோடிக்குப் போய் வருவது ஒரு முழு நாள் வேலை. எங்களுக்கு அருகில் இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. பழைய புத்தக வியாபாரிகள் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு இடம் மாறினார்கள். பழைய புத்தகக் கடையில் இன்று கண்ணில் பட்ட நூல் அடுத்த வாரம் அங்கே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. இந்த நிலையில், கிடைக்கும்போதே வாங்கி வைப்பதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

படிக்காத நூல் பயனற்றுக் கிடக்கிறது என்பதையும் நான் ஏற்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் பரவியபோது, எப்போதோ வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த, கழிமுக மீன்பிடிப்பைப் பற்றிய ஒரு நூலை எடுத்து இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். வாங்கிய ஆண்டிலேயே படித்திருந்தால் அதில் பாதி எனக்குப் புரிந்திருக்காது. பிறகு அந்த நூல் எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவியிடம் போய், அவளிடமிருந்து அவளுடைய தோழிகளிடமும் சென்றது. வீட்டில் அது இருந்ததால்தானே இத்தனை பேருக்குக் கிடைத்தது?

தனி மனிதர்கள் தம் வாழ்நாளில் படித்துவிடக்கூடியதற்கும் அதிகமாகச் சேர்த்ததால் தமிழுக்கு விளைந்த நன்மையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள், இதழ்கள், துண்டு வெளியீடுகள் முதலியவையே, 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் ஆய்வு நூலகமாகி இன்று சென்னையில் இருக்கின்றன. மறைமலையடிகள் அரிதின் சேர்த்த நூல்களை அடிப்படையாகக் கொண்டு 1958-இல் தொடங்கப்பட்ட நூல்நிலையம் எங்கள் பக்கத்து லிங்கிச் செட்டித் தெருவில்தான் நெடுங்காலம் இயங்கியது. நாடகத் துண்டறிக்கையையும் பாட்டுப் புத்தகத்தையும் எதற்காகக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று கேட்டிருந்தால், அந்தக் காலத்து மேடையின் வரலாற்றை எழுத இன்று நமக்குச் சான்றே இருந்திருக்காது.

கடன் வாங்கிப் புத்தகம் வாங்கச் சொல்லவில்லை. அது குடும்பத்துக்குச் செய்யும் தீங்கு. வாங்கியதைக் காப்பதும் வாங்குபவரின் கடமை. கடற்காற்றின் ஈரம் ஏறும் இராயபுரம், காசிமேடு வீடுகளில், சுவரை ஒட்டாமல் அடுக்கி, அவ்வப்போது தூசி தட்டி, இடையிடையே வசம்பு வைக்காவிட்டால் இராமபாணப் பூச்சி தன் வேலையைத் தொடங்கிவிடும்.

புத்தகம் வாங்குபவர்களைக் கடிந்துகொள்வதைவிட, வாங்க வழியில்லாதவர்களுக்கு வழி செய்வதே இப்போதைய தேவை. வட சென்னையில் பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஆண்டுதோறும் தவறாமல் ஒரு புத்தகக் காட்சி நடத்தவும், சிறு பதிப்பகங்களுக்கு அங்கே குறைந்த வாடகையில் அரங்குகள் ஒதுக்கவும் பதிப்பாளர் சங்கமும் அரசும் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வலியுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை