ரவுட்டிங் ஆய்வகத்தில் பழுது பார்க்கவும் சொல்லித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு நேரம் வந்தால் உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். எந்தப் பிரிவை எடுக்கலாம், எதற்கு வேலை இருக்கிறது என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வருகிறது, தரவு அறிவியல் வருகிறது, சைபர் பாதுகாப்பு வருகிறது. நெட்வொர்க் மட்டும் வருவதே இல்லை. அந்தத் துறையில் ஆள் கிடைக்காமல் திணறுகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு சிறிய பிராட்பேண்ட் நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒட்டன்சத்திரம், நத்தம் பக்கமெல்லாம் எங்கள் ஃபைபர் போகிறது. எங்களைப் போன்றவர்களால் பெரிய கம்பெனி ரவுட்டர்களை எல்லா இடத்திலும் வாங்கி வைக்கக் கட்டுப்படியாகாது. ஓரளவு நல்ல சர்வர் ஒன்று, அதில் 10 ஜி கார்டு, மேலே டெபியன் லினக்ஸ், அதன்மேல் எஃப்ஆர்ஆர் அல்லது பேர்ட் என்ற இலவச ரவுட்டிங் மென்பொருள். பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. பாக்கெட்டுகளை, அதாவது துண்டு துண்டாக வரும் தரவை, கடத்திவிடுவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று பக்கத்து ரவுட்டர்களிடம் பேசித் தெரிந்துகொண்டு, கெர்னலுக்கு அட்டவணை போட்டுக் கொடுப்பது இந்த மென்பொருள். சாலை வேலைக்குத் தோண்டும்போது ஃபைபரை வெட்டிவிட்டார்கள் என்றால், யாரும் கைவைக்காமலே சில விநாடிகளில் இன்னொரு வழியாக டிராஃபிக் திரும்புவது இதனால்தான்.

எங்களிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தைத் தாளில் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரே நிறுவனத்துக்குள் ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையான ஓஎஸ்பிஎஃப் 10 விநாடிக்கு ஒருமுறை ஹலோ என்ற பாக்கெட்டை அனுப்பும், 40 விநாடி பதிலே இல்லை என்றால் நெய்பர், அதாவது பக்கத்து ரவுட்டர், போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும் என்று சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் சர்வர் முன்னால் உட்காரவைத்து, "இந்த ரெண்டுக்கும் நடுவுல ரூட் வரல, ஏன்னு பாரு" என்றால் கை நேராக ரீஸ்டார்ட் கட்டளைக்குப் போகிறது. எனக்குப் பயம் அதில்தான். எஃப்ஆர்ஆர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் கோளாறான ஒரு நெய்பரோடு சேர்த்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அத்தனை நெய்பர்களும் அறுந்து மறுபடி சேர வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிற நேரத்தில் அப்படிச் செய்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். என்ன கோளாறு என்று காட்டிக்கொண்டிருந்த நிலையும் அதோடு அழிந்துபோகும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நத்தம் பக்கம் ஒரு புதிய லிங்க் போட்டபோது, இரண்டு முனையிலும் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது, ஹலோ போய் வருகிறது, ஆனால் நெய்பர் ஃபுல் என்ற, முழுதாகச் சேர்ந்த நிலைக்கு வரவே இல்லை. "பிங் வருதுக்கா, ஓஎஸ்பிஎஃப்தான் சேர மாட்டேங்குது" என்றான் தம்பி ஒருவன். பிங் என்பது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை. நெய்பர் பட்டியலைப் பார்த்தால் எக்ஸ்ஸ்டார்ட் என்ற, பரிமாற்றம் தொடங்கும் நிலையிலேயே நிற்கிறது. அந்த இடத்தில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது எம்டியு, அதாவது அந்த இன்டர்ஃபேஸ் ஒரே பாக்கெட்டில் எவ்வளவு பெரியதை அனுப்பும் என்ற அளவு. ஒரு பக்கம் 9000, இன்னொரு பக்கம் 1500 என்று இருந்தது. ஹலோ சின்ன பாக்கெட், அதனால் தாராளமாகப் போகும். அடுத்த கட்டத்தில் தங்களிடம் உள்ள தகவல்களின் சுருக்கத்தைப் பரிமாறிக்கொள்ளும்போது ஒவ்வொரு ரவுட்டரும் தன் எம்டியுவையும் எழுதி அனுப்பும். தன்னுடையதைவிடப் பெரிய எண் வந்தால் எஃப்ஆர்ஆர் அந்த பாக்கெட்டை ஏற்றுக்கொள்ளாது. சும்மா தூக்கிப் போடுவதும் இல்லை. நெய்பரின் எம்டியு 9000, என் இன்டர்ஃபேஸின் எம்டியு 1500, அது பெரியதாக இருக்கிறது என்று லாக்கில், அதாவது தன் பதிவேட்டில், எழுதியே வைக்கும். அந்தத் தம்பிக்கு லாக்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவனுக்கு அதை யாரும் பழக்கியிருக்கவில்லை.

பிங் வருவதை வைத்து லிங்க் சரி என்று முடிவு கட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். சாதாரண பிங் 84 பைட். அது போய் வந்தால் 84 பைட் போய் வருகிறது, அவ்வளவுதான் தெரியும். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்லி, 1500 லிங்க்கில் 1472 பைட்டும் 9000 லிங்க்கில் 8972 பைட்டும் வைத்து பிங் செய்து பார்க்க வேண்டும். ஹெட்டருக்கு 28 பைட் போக மீதி அது. இதில் இன்னொரு தொல்லை, இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும் வைத்தியம், எம்டியுவை ஒப்பிடாதே என்று சொல்லும் "எம்டியு இக்னோர்" என்ற ஒரு வரி. போட்டதும் நெய்பர் ஃபுல் ஆகிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் லிங்க்கில் உள்ள கோளாறு அப்படியே இருக்கும். ரூட்டுகள் கூடி, பெரிய அப்டேட் பாக்கெட் போக வேண்டிய நாள் வந்ததும் அது பாதியில் தொலையும். அப்போது தேடுவது இதைவிட நூறு மடங்கு கஷ்டம்.

வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையான பிஜிபியில் இதே கதை இன்னும் ஆபத்தாக நடக்கிறது. எஃப்ஆர்ஆர் 7.4 பதிப்பு 2020இல் வந்தது. அதிலிருந்து, வெளி நிறுவனத்தோடு பிஜிபி வைத்தால் எதை வாங்குவேன், எதைக் கொடுப்பேன் என்று பாலிசி எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் செஷன் எழும்பும், ஆனால் ஒரு ரூட்டும் வராது, போகாது. ரூட் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் பாலிசி என்று மட்டும் காட்டும். பழைய பதிப்பிலிருந்து அப்டேட் செய்தவர்கள் இதைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். தேடினால் இதற்கும் ஒற்றை வரி வைத்தியம் இருக்கிறது. அந்தக் கட்டாயத்தையே அணைத்துவிடும் வரி. தயவுசெய்து அதைப் போடாதீர்கள் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

காரணம் இருக்கிறது. பாலிசி இல்லாத பிஜிபி எதையும் வாங்கும், எதையும் கொடுக்கும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக ஏற்படுத்திய 208.65.153.0/24 என்ற ரூட் வெளியே போய்விட்டது. ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் அதை வடிகட்டாமல் வாங்கி மற்றவர்களுக்கும் கொடுத்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22, அதாவது இன்னும் பெரிய முகவரித் தொகுதி. அதைவிடக் குறிப்பான /24 வந்ததும் ரவுட்டர்கள் எல்லாம் அதன் பின்னால் போயின. உலகின் பல இடங்களில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் இல்லை. எங்களைப் போன்ற சின்ன நிறுவனமும் இதைச் செய்ய முடியும். எங்களுக்கு இரண்டு அப்ஸ்ட்ரீம், அதாவது எங்களுக்கு இணையத்தைத் தரும் நிறுவனங்கள். முழு இணையத்தின் ரூட் அட்டவணையில் ஐபிவி4க்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. ஒருவரிடம் வாங்கியதை இன்னொருவருக்கு அப்படியே கொடுத்தால், அவர்களும் வடிகட்டாவிட்டால், யாரோ யாருக்கோ அனுப்பும் டிராஃபிக் எல்லாம் எங்கள் லிங்க்கில் வந்து விழும். 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தரநிலை ஆவணம் இந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது இதைத் தடுக்கத்தான். எந்த முகவரிகள் என்று சொல்லும் ஒரு பிரிஃபிக்ஸ் லிஸ்ட், அவற்றை என்ன செய்வது என்று சொல்லும் ஒரு ரூட் மேப். இதை எழுதக் கால் மணி நேரம் போதும்.

ரவுட்டிங் மென்பொருளில் எல்லாம் சரியாக இருந்தும் போகாத கோளாறுகளும் உண்டு. கெர்னலில் ஐபி ஃபார்வர்ட் என்ற அமைப்பு 0 என்று இருந்தால் அந்த சர்வர் ரூட் எல்லாம் கற்றுக்கொண்டு ஒரு பாக்கெட்டையும் கடத்தாது. பேர்ட் போட்டால், அதனுடைய அட்டவணையில் ரூட் இருப்பது வேறு, கெர்னலில் இருப்பது வேறு. கெர்னல் புரோட்டோகாலில் எக்ஸ்போர்ட் என்று எழுதாவிட்டால் அது கெர்னலுக்கு எதையும் தராது. ஐபி ரூட் கட்டளையில் பார்த்தால்தான் தெரியும்.

இவை சுலபம். கஷ்டமானது ஆர்பி ஃபில்டர், அதாவது பாக்கெட் வர வேண்டிய பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று கெர்னல் பார்க்கும் சோதனை. போகும் வழி ஒரு அப்ஸ்ட்ரீம், திரும்பி வரும் வழி இன்னொன்று என்றால், கண்டிப்பு நிலையில் உள்ள கெர்னல் "இந்த முகவரிக்கு நான் இந்தப் பக்கம் அனுப்புவதில்லையே" என்று வந்த பாக்கெட்டைப் போட்டுவிடும். வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பாக்கெட் வந்தது தெரியும், அதற்கப்புறம் காணோம். ஃபயர்வாலில் சுவடே இருக்காது. சோதனையை அணைக்க இன்டர்ஃபேஸில் 0 போட்டுப் பார்ப்பார்கள், பலன் இருக்காது. ஏனென்றால் எல்லா இன்டர்ஃபேஸுக்கும் பொதுவான "ஆல்" என்பதில் உள்ள எண், இன்டர்ஃபேஸில் உள்ள எண் இரண்டில் எது பெரியதோ அதைத்தான் கெர்னல் எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் 2 என்ற தளர்வான நிலைதான் வழி. 2 பெரிய எண் என்பதால் "ஆல்" 1 ஆக, அதாவது கண்டிப்பு நிலையில், இருந்தாலும் இது நிற்கும். என்ஸ்டாட் கட்டளையில் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்று ஒரு எண் ஏறிக்கொண்டே போகும், அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். பார்க்கத் தெரியாதவர் ஃபயர்வாலைக் கலைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

இதையெல்லாம் கல்லூரியிலேயே பழக முடியும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இப்போது ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? சிமுலேட்டரில் மூன்று ரவுட்டரை இழுத்து வைத்து, கையேட்டில் உள்ள கட்டளைகளை அடித்து, பிங் வந்ததும் அவுட்புட்டை ரெக்கார்ட் நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆரம்பத்துக்கு அது சரி. ஆனால் சிமுலேட்டரில் கெர்னல் கிடையாது, நான் மேலே சொன்ன ஆர்பி ஃபில்டரோ, மென்பொருளுக்கும் கெர்னலுக்கும் நடுவே ரூட் தொலைவதோ அங்கே வராது.

செலவு என்று யாரும் சொல்ல முடியாது. 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதியில் ஏழெட்டு தனித்தனி ரவுட்டர்களை உண்டாக்கலாம். அவற்றுக்கு நடுவே விஈத் என்ற மெய்நிகர் இணைப்பு ஜோடிகள்தான் கேபிள். ஒவ்வொன்றிலும் எஃப்ஆர்ஆரோ பேர்டோ ஓடும். லைசென்ஸ் கிடையாது. வேலைக்கு ஆகுமா என்று பெற்றோர் கேட்டால், எஃப்ஆர்ஆரின் கட்டளைகள் சிஸ்கோவின் கட்டளைகளைப் போலவே இருக்கும், கற்றது வீணாகாது. மைக்ரோசாஃப்ட் தொடங்கிய சோனிக் என்ற ஸ்விட்ச் மென்பொருளுக்குள் இருப்பதும் எஃப்ஆர்ஆர்தான். கிளவுடில் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் பலரும் போடும் கேலிகோ என்ற நெட்வொர்க் மென்பொருளுக்குள் பேர்ட் இருக்கிறது. கிளவுட் வேலைக்குப் போகிறேன் என்கிற பிள்ளைகளுக்கும் இது வேண்டும்.

பேர்டைப் பற்றி மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது பிராக் நகரத்து சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் புராஜெக்டாக எழுதத் தொடங்கியது. இன்று ஃபிராங்ஃபர்ட், லண்டன் போன்ற பெரிய இணையச் சந்திப்பு மையங்களில், அங்கே சேரும் நிறுவனங்களுக்கு நடுவே வழிகளைப் பகிரும் ரூட் சர்வராக ஓடுகிறது. எஃப்ஆர்ஆரின் வேர், ஜப்பானில் குனிஹிரோ இஷிகுரோ 1996இல் தொடங்கிய ஜீப்ராவில் இருக்கிறது. அது குவாக்கா ஆகி, 2017இல் எஃப்ஆர்ஆராக லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. இரண்டின் மூலநிரலும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எக்ஸ்ஸ்டார்ட்டில் ஏன் நிற்கிறது என்று அந்த வரியையே படித்துத் தெரிந்துகொள்ள முடிகிற வாய்ப்பு எத்தனை படிப்பில் இருக்கிறது?

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். செய்முறைத் தேர்வில் ஒரு பகுதியையாவது பழுது பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் ஒன்றைக் கொடுங்கள். ஒரு இடத்தில் எம்டியுவை மாற்றி வையுங்கள், இன்னொரு இடத்தில் ஓஎஸ்பிஎஃப்பின் ஏரியா எண்ணை மாற்றுங்கள், எஃப்ஆர்ஆரில் எவையெல்லாம் ஓட வேண்டும் என்று சொல்லும் டீமன்ஸ் ஃபைலில் ஓஎஸ்பிஎஃப்பை "நோ" ஆக்குங்கள். ரீஸ்டார்ட் செய்யாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எந்த வரிசையில் பார்த்தான், எதை வைத்து முடிவுக்கு வந்தான் என்று எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் போடுங்கள். விடை தவறினாலும் பார்த்த வரிசை சரியாக இருந்தால் நான் அந்தப் பிள்ளையை வேலைக்கு எடுத்துக்கொள்வேன்.

ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை என்பது தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் எந்த பாலிடெக்னிக்கோ பொறியியல் கல்லூரியோ கூப்பிட்டாலும் சனிக்கிழமைகளில் வந்து இந்த ஆய்வகத்தை அமைத்துக் கொடுக்கிறேன். கட்டணம் வேண்டாம். உபயோகத்திலிருந்து எடுத்துவிட்ட சர்வர்களைத் தர எங்கள் முதலாளியும் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பொறியாளர்,
திண்டுக்கல்.