மூலம் என்று யார் சொன்னது?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியில் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் கடைசியில், "மலத்தில் அவ்வப்போது ரத்தம், பழைய மூலம்தான்" என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதை நாலு தடவை படித்தேன். மூலம் என்று யார் சொன்னது? நீயே சொல்லிக்கொண்டதுதானே?

போன மாதம் எனக்குக் கொலோனோஸ்கோபி செய்தார்கள், கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. தொந்தரவு எதுவும் இல்லை. வயசாகிறது, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர். முந்தின ராத்திரிதான் பாடு. உப்புக் கரிக்கும் பேதி மருந்தைத் தம்ளர் தம்ளராகக் குடித்துவிட்டு, விடிய விடியக் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். சோதனை நடந்ததே தெரியவில்லை, மயக்கத்தில் தூங்கிவிட்டேன். எழுந்ததும் படத்தைக் காட்டினார்கள். இளஞ்சிவப்பான குடல் சுவரில் காம்போடு ஒரு குட்டிக் காளான் மாதிரி நின்றது, பாலிப். கம்பிச் சுருக்கு மாட்டி அங்கேயே அறுத்து எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதித்த பயாப்சியில் அடினோமா என்று வந்தது. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய வகை. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது, பாலிப் புற்றாக மாறச் சுமார் 10 வருஷம்கூட ஆகும். அவ்வளவு அவகாசம் கிடைத்தும் கோட்டை விடுகிறோமே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சிகரெட், குடி, உடல் பருமன், பதப்படுத்திய இறைச்சி, உட்கார்ந்தே கிடப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். சிகரெட்டை நீ விட்டது நல்லது. என்னை உறுத்துவது வேறு. உன் அப்பாவுக்கு 55 வயதில் வந்தது இதே நோய்தானே? பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்கு முன் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்கு 10 வருஷம் முன்னால், இதில் எது முந்தியோ அப்போதே சோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். உனக்கு 53 ஆகிவிட்டது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கே அமெரிக்காவில் 2021-இல் தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்துவிட்டார்கள்.

வீட்டிலேயே மலம் எடுத்துக் கொடுக்கும் சோதனையும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்க. உனக்குத்தான் கண்ணுக்கே தெரிகிறதே! நேராக மருத்துவரிடம் போ. அப்பா விஷயத்தை மறைக்காமல் சொல். மூலமாகவே இருக்கட்டும், அதை அவர் சொல்லட்டும். தங்கச்சிக்கும் இன்றே தகவல் சொல், அவளுக்கும் அதே அப்பாதான்.

மயக்கம் கொடுப்பதால் கூட்டிவரத் துணை வேண்டும். நாள் குறித்ததும் எழுது, முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

உன்
ரகு