எல்லாக் கட்டத்திலும் டிக்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐ.சி.யு. படுக்கைகள் கூடியிருப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். எத்தனை வென்டிலேட்டர், எத்தனை மானிட்டர் என்ற கணக்கெல்லாம் இருந்தது. ஒரு ஷிப்டில் நோயாளிக்குச் செய்யாமல் விட்டுப்போன பராமரிப்பு எவ்வளவு என்ற கணக்கு இல்லை. நான் வேலை பார்த்த இடங்களிலும் அதை யாரும் எடுத்ததில்லை.

26 ஆண்டுகள் ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஒருநாள் நைட் டியூட்டியில் வென்டிலேட்டரில் மூன்று பேர், பார்க்க நான் ஒருத்தி. ஒருவருக்கு பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. விடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன். அடுத்த படுக்கையில் இருந்த பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு முறை விட்டுப்போனது. வாய் துடைப்பதும் நடக்கவில்லை. காலையில் அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவருக்கு முன்னால் சார்ட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். நாலைந்து நாளில் அவருக்கு இடுப்புக்குக் கீழே புண் வந்தது. அந்த டிக் இன்னும் என்னை உறுத்துகிறது.

மருந்து நின்றால் பம்ப் அலறும். புரட்டாமல் விட்டால் எதுவும் அலறாது. அதனால்தான் நெருக்கடியில் முதலில் விட்டுப்போவது இந்த வேலைகள்தான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பியாட்ரிஸ் காலிஷ் செவிலியர்களிடம் கேட்டு 2006-இல் எழுதிய ஆய்விலும் புரட்டுவது, நடக்க வைப்பது, நேரத்துக்குச் சாப்பாடு, ஆறுதல் வார்த்தை என்று இவைதான் வந்தன. பிறகு அவர் உருவாக்கிய ‘மிஸ்கேர்’ வினாத்தாள், எது விட்டுப்போனது என்பதோடு ஏன் என்றும் கேட்கிறது: ஆள் போதவில்லையா, பொருள் வரவில்லையா, தகவல் சொல்லவில்லையா?

ஆனால் அது சாதாரண வார்டுகளுக்காக எழுதியது. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரை நடக்க வைத்தீர்களா என்று கேட்டுப் பயனில்லை. ஐ.சி.யு.வில் கேட்க வேண்டியவை வேறு. தலைமாடு 30 டிகிரிக்குக் குறையாமல் இருந்ததா? மூச்சுக்குழாயில் போட்ட டியூபைச் சுற்றியுள்ள காற்றுப் பையின் (கஃப்) அழுத்தம் பார்த்தார்களா? மூடாத கண்ணுக்கு மருந்து விட்டார்களா? வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மனைவியிடம் யாராவது நின்று பேசினார்களா?

இதைச் சார்ட்டைப் பார்த்து எண்ண முடியாது, என் டிக்கைப் போலத்தான் அங்கே எல்லாம் இருக்கும். ஷிப்ட் முடிந்ததும் பெயர் எழுதாத ஒரு தாள் கொடுங்கள். அன்றைக்கு ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்த்தார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் எடுத்து 2014-இல் வந்த ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே அறுவை சிகிச்சை செய்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது.

மாதக் கூட்டத்தில் எத்தனை வென்டிலேட்டர் ஓடுகிறது என்று கேட்கும் அதிகாரிகள் இந்தத் தாள்களையும் கேட்டு வாங்க வேண்டும். முதல் மாத எண்ணிக்கை பயமாகத்தான் இருக்கும். அதற்காக யாருக்கும் மெமோ கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அடுத்த மாதம் எல்லாத் தாளும் சுத்தமாக வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.