கோயில் வீதித் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கான அறிக்கை

அங்கத்தவர்களுக்கும் உபயகாரர்களுக்கும் வணக்கம்.

நமது அம்மன் கோயிலின் வெளிவீதி, அதை ஒட்டிய ஒழுங்கை, அங்கிருந்து வாவிக்கரை வரை போகும் வடிகான் ஆகிய மூன்றின் வேலையும் அம்பாள் அருளால் முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது. எவரும் வந்து பார்க்கலாம். இந்த அறிக்கையில் நாங்கள் எடுத்த தீர்மானங்களைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களில் பலர் கேட்டது ஒன்று, நாங்கள் செய்தது வேறொன்று.

வீதி முழுவதற்கும் இன்டர்லொக் கல் பதியுங்கள் என்றுதான் கேட்டீர்கள். சேறு வராது, வாகனம் நிறுத்தலாம், திருவிழாவுக்குப் பார்க்கவும் அழகாக இருக்கும். நியாயமான விருப்பம்தான், எங்கள் முதல் வரைபடமும் அப்படித்தான் இருந்தது. தண்ணீரை நினைத்துத்தான் அதை மாற்றினோம்.

மட்டக்களப்புக் கல்லடியில் நாம் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். மாரியில் வாவி நிரம்பினால், அது கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்த மணல் வெட்டுப்படும் வரை அதன் மட்டம் இறங்காது. அந்த நாட்களில் எவ்வளவு பெரிய வடிகான் கட்டினாலும் தண்ணீர் ஓட இடமில்லை. ஆகவே முடிந்த மட்டும் மழை விழுந்த இடத்திலேயே மண் அதைக் குடிக்க வேண்டும். மண் நிறைந்தபின் மிஞ்சுவதற்குத்தான் வடிகான்.

நம் கிணறுகளும் இந்த மணலை நம்பித்தான் இருக்கின்றன. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கீழே உள்ள உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. வாளியில் நாம் அள்ளுவது அதைத்தான். 2004 கடல்கோளுக்குப் பிறகு கிணறுகள் கரித்துக் கிடந்ததும், பின்பு மாரி மழை இறங்க இறங்கத் தண்ணீர் மெல்ல மெல்லத் தேறியதும் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. அந்த மண்ணின் வாயை நம் கையாலேயே கல் பதித்து அடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தீ மிதிக்கும் அம்மாமார் சிலர் இன்னொன்றையும் சொன்னார்கள். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுடும் கல்லில் வெறுங்காலோடு வீதி சுற்ற முடியாது, அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களின் பாடு என்ன என்று கேட்டார்கள். அதோடு விவாதம் முடிந்தது. நடைபாதைக்கு மட்டும் ஓரத்தில் கல் பதித்தோம். மற்றதெல்லாம் மணல். வேம்பும் பூவரசும் நட்டிருக்கிறோம். அடிமரத்தை நெருக்கிக் கொங்கிறீட் போடாமல் அகலமாகப் பாத்தி விட்டிருக்கிறோம். 1978 சூறாவளியில் இந்தப் பக்கம் விழுந்த மரங்களை நேரில் கண்ட பெரியவர்கள், வேர் ஓட இடம் விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னதே அதற்குக் காரணம்.

வடிகானில் ஒரு பிழை நடந்தது. ஒப்பந்தக்காரர் முதலில் கட்டிய துண்டின் வாட்டம் வாவிப் பக்கம் இல்லாமல் கோயில் பக்கம் இருந்தது. மட்டக் குழாய் பிடித்துப் பார்த்த மேசன் ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். உடைத்துத் திரும்பக் கட்டியதில்தான் வேலை தாமதமானது. கொங்கிறீட் ஊற்றுமுன் நாங்களே சரிபார்த்திருக்க வேண்டும். அது எங்கள் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள். வடிகானின் மேல் கழற்றி மாட்டக்கூடிய மூடிகள் போட்டிருக்கிறோம். பிள்ளைகள் இப்போது ஓட்டோவுக்கும் லொறிக்கும் ஒதுங்காமல் அதன் மேலேயே பள்ளிக்கூடம் நடந்து போகிறார்கள்.

ஒழுங்கை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். இரு பக்கமும் ஆளுயர மதில் இருந்ததால் பொழுதுபட்டால் பெண்கள் அந்த வழியால் வரப் பயந்தார்கள். விளக்குப் போட்டது மட்டும் போதவில்லை. இரண்டு வீட்டார் தாங்களாகவே மதிலை நெஞ்சளவுக்குக் குறைத்துத் தந்தார்கள். விறாந்தையில் ஆள் இருப்பது தெரிந்தாலே நடக்கிறவருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. அந்த இரு குடும்பங்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாவிக்கரையில் உள்ள பழைய மதகு ஒடுக்கமானது. அதை அகலமாக்கித் தரும்படி மாநகர சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அது நடக்கும் வரை அங்கே பிளாஸ்டிக்கும் தண்ணீரில் மிதக்கும் ஆற்றுவாழைச் செடியும் அடைபடாமல் நாம்தான் பார்க்க வேண்டும். மழை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை காலை சிரமதானம் வைக்கிறோம். எந்தச் சனிக்கிழமை என்பதைக் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்போம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்.

திருப்பணிக் குழு