உதகை ஏரிக் கரையை அணையாகக் கருதி ஆய்வு செய்யவும், தொடர்ந்து பராமரிக்கவும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
காந்தல் மற்றும் ஏரிக்குக் கீழ்ப்புறப் பகுதிப் பொதுமக்கள்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: உதகை ஏரியின் கரை, மதகு, உபரிநீர் வழி ஆகியவற்றைப் பருவமழைக்கு முன் பொறியாளர்களைக் கொண்டு ஆய்வு செய்தல், பராமரிப்புப் பொறுப்பை ஒரே துறையிடம் ஒப்படைத்தல், கீழ்ப்புற மக்களுக்கு எச்சரிக்கை ஏற்பாடு செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டிக்கு வருகிறவர்கள் படகு இல்லம் என்று சொல்லும் அந்த ஏரிக்குக் கீழே குடியிருப்பவர்கள் நாங்கள். அந்த ஏரி தானாக உண்டான ஏரி இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரையிலான காலத்தில், மலையிலிருந்து இறங்கிய ஓடைகளைக் குறுக்கே கரை போட்டு மறித்ததால் தேங்கிய தண்ணீர்தான் அது. அந்தக் கரைக்கு இப்போது இருநூறு வயது. ஏரி நிரம்பி வழிந்து, கரை உடைந்து, மூன்று முறை தண்ணீர் முழுவதும் வெளியேறியிருக்கிறது என்று ஊட்டியின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் கீழே இத்தனை வீடுகள் கிடையாது. இன்று இருக்கின்றன.

எங்கள் கவலையை ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். ஏரியைச் சுற்றுலாத் தலமாகப் பார்க்க எல்லோரும் இருக்கிறார்கள், அதை அணையாகப் பார்க்கத்தான் ஆள் இல்லை. படகுகளைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1973 முதல் நடத்தி வருகிறது. ஏரிக்குள் வரும் கால்வாய் நகரத்தின் வழியாக வருகிறது. தண்ணீர், கரை என்றால் நீர்வளத் துறை. இப்படிப் பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. ஆகாயத்தாமரை மண்டினால் அகற்றுகிறார்கள், பூங்காவுக்கு வர்ணம் அடிக்கிறார்கள், நடைபாதை போடுகிறார்கள். இதெல்லாம் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைத் தாங்கி நிற்கும் அந்த மண் கரை எப்படி இருக்கிறது என்று ஒரு பொறியாளர் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை எதையும் நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. கரை பலவீனமாக இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. பலமாக இருக்கிறது என்று தகுதி உள்ளவர்கள் யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

மண் கரை ஒரே நாளில் உடைவதில்லை என்பார்கள். பெரும்பாலும் அது உண்மை, உடைவதற்கு முன்பே அடையாளம் காட்டும். கரையின் வெளிப்பக்கச் சரிவில் எப்போதும் ஈரமாக, மற்ற இடத்தைவிடப் பச்சையாகப் புல் வளர்ந்திருந்தால் அங்கே கசிவு இருக்கலாம். கசிந்து வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். அதுவே கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே கவனிக்க வேண்டும். ஏரியைச் சுற்றி வளர்ந்து நிற்கும் பெரிய மரங்களையும் பார்க்க வேண்டும். மரம் உயிரோடு இருக்கும்வரை வேர் மண்ணைப் பிடித்திருப்பதுபோல் தெரியும். மரம் பட்டுப்போனாலோ வெட்டப்பட்டாலோ வேர் மக்கி, அது இருந்த இடம் தண்ணீர் நுழையும் துளையாகிவிடும். காற்றில் சாய்ந்தாலோ கரையின் ஒரு பகுதியையே பெயர்த்துக்கொண்டு போகும். எலி வளை, நண்டு வளை எல்லாம் இதே கணக்குத்தான். இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் கரையின் மேலும் அடியிலும் மெதுவாக நடந்து பார்த்து, தேதி போட்டுக் குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது உபரிநீர். ஏரி முதலில் இருந்த அளவில் இன்று இல்லை. பேருந்து நிலையம், குதிரைப் பந்தய மைதானம், ஏரிப் பூங்கா எல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடங்கள். இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர். சரி, அது பழைய கதை. ஆனால் அதன் விளைவு இன்றைக்கும் தொடர்கிறது. பெருமழை பெய்தால் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ள முன்பு இருந்த இடம் இப்போது இல்லை. மேலே நகரம் முழுவதும் கட்டடமும் சிமென்ட் தளமுமாகிவிட்டதால், மண்ணில் இறங்க வேண்டிய மழைநீரும் கோடப்பமந்து கால்வாய் வழியாகச் சீக்கிரமே ஏரிக்கு வந்து சேர்கிறது. வருவது வேகமாக வருகிறது, தாங்கும் இடம் குறைந்திருக்கிறது. அப்படியானால் வெளியேறும் வழி முன்பைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். அங்கேதான் எங்களுக்குப் பயம். பலத்த மழை பெய்த மறுநாள் காலையில் கால்வாய் வாய்ப்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். டீத்தூள் நிறத்தில் தண்ணீர், அதன்மேல் தண்ணீர் பாட்டில்கள், முட்டைக்கோஸ் இலை, கேரட் தழை, தெர்மாகோல் துண்டுகள். இவையெல்லாம் மிதந்து போய் வெளியேறும் இடத்தில் ஆகாயத்தாமரையோடு சேர்ந்து அடைத்துக்கொண்டால், உபரிநீர் வழிந்தோடும் கலிங்கை எவ்வளவு அகலமாகக் கட்டியிருந்தாலும் பயனில்லை. தண்ணீர் கரைக்கு மேல் ஏறும். மண் கரையின் மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அதைத் தடுத்து நிறுத்துவது மிகவும் கடினம்.

இதை நாங்கள் கற்பனையாகப் பயந்து சொல்லவில்லை. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி இதே மாவட்டத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த இடம் உதகையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அதில் பாதி அளவு நகரத்தின் மேல் கொட்டினால் ஏரியின் உபரிநீர் வழி தாங்குமா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை சொல்ல வேண்டும். அதே 2019 ஜூலை 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து, கீழே இருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு, சுமார் இருபது பேர் பலியானார்கள். அது ஒன்றும் பிரமாண்டமான அணை இல்லை, சிறிய மண் அணை. கசிகிறது என்று ஊர் மக்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள் என்பதுதான் இன்னும் வேதனை.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 வந்த பிறகு பெரிய அணைகளுக்கு ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. மழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு, அவசர கால நடவடிக்கைத் திட்டம் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்குள் வருபவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். உதகை ஏரிக் கரை அந்தக் கணக்குக்குள் வருகிறதா இல்லையா என்பதை முதலில் அளந்து தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வராது என்றால், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அதே முறையை இங்கும் தங்கள் உத்தரவின் மூலம் நடைமுறைப்படுத்துங்கள். கரையின் உயரம் சில அடி குறைவு என்பதால் கீழே இருப்பவர்களின் உயிருக்கு மதிப்புக் குறைந்துவிடாது.

ஆகவே, தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும் முன் நீர்வளத் துறைப் பொறியாளர்களைக் கொண்டு கரை, மதகு, கலிங்கு, உபரிநீர் ஓடை அனைத்தையும் ஆய்வு செய்து, அறிக்கையைத் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் மறுபடியும் ஒரு முறை பார்க்க வேண்டும். நமக்கு இரண்டு மழையும் உண்டு, ஒரு ஆய்வு போதாது. மதகுக் கதவுகளை ஆய்வுக்கு வருபவர்கள் முன்னிலையில் ஒரு முறை முழுமையாகத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். துரு ஏறி இறுகிப்போன கதவு வெள்ளம் வரும் இரவில் திறக்காது.

தூர் வாரும் பணி நடக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். ஏரித் தண்ணீரை ஒரேயடியாக இறக்கினால், நனைந்து கனத்த உள்பக்கச் சரிவு, அதைத் தாங்கி நின்ற தண்ணீர் இல்லாமல் சரிந்துவிடக்கூடும். மெதுவாக இறக்க வேண்டும். கரையின் அடிப்பகுதியை ஒட்டிப் பொக்லைன் வைத்துத் தோண்டக் கூடாது. கரையின் மேலும் அதன் அடிவாரத்திலும் கடை, கூடாரம், விளையாட்டு அமைப்பு என்று எந்தக் கட்டுமானத்துக்கும் பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் அனுமதி தர வேண்டாம்.

பொறுப்பு யாருக்கு என்பதையும் தாங்களே முடிவு செய்து அறிவிக்க வேண்டும். எந்தத் துறையாக இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம், ஆனால் ஒரே துறையாக இருக்கட்டும். பணம் இல்லை என்ற பதில் வராமல் இருக்க, படகுக் கட்டண வருமானத்தில் ஒரு பகுதியைக் கரைப் பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்க அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். ஏரி சம்பாதிக்கும் பணத்தில் ஏரிக் கரையைக் காப்பது நியாயம்தானே. சமவெளிக் கிராமங்களில் மழைக்காலத்தில் ஏரிக் கரையை இரவும் பகலும் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். அதேபோல் மழை மாதங்களில் மட்டுமாவது இங்கே ஒரு கரைக் காவலரை நியமித்தால், குப்பை அடைப்பை அவ்வப்போது எடுக்கவும் நீர்மட்டத்தைக் குறித்து வைக்கவும் உதவியாக இருக்கும்.

கடைசியாக எச்சரிக்கை. உபரிநீர் மேற்கே இறங்கி காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. அந்த வழியில் உள்ள தாழ்வான வீடுகள் எவை, நள்ளிரவில் தண்ணீர் வந்தால் எந்தப் பாதையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதை இப்போதே வரைபடமாக்கித் தர வேண்டும். ஏரி நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையிலிருந்து (1077) ஒலிபெருக்கி, கைபேசிச் செய்தி இரண்டின் மூலமும் எங்களுக்குத் தகவல் வர வேண்டும். எங்கள் பகுதியில் முதியவர்கள் அதிகம், மழையிருட்டில் படியேறி ஓட அவர்களுக்கு நேரம் வேண்டும்.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குக் கீழ்ப்புறத்தைச் சுற்றிக் காட்ட எங்கள் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். ஆய்வு தேதியையும், இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையையும் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காந்தல் மற்றும் ஏரிக்குக் கீழ்ப்புறப் பகுதிப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: செயற்பொறியாளர், நீர்வளத் துறை, ஆணையர், உதகை நகராட்சி, மேலாளர், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகு இல்லம், உதகை.