பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள்: இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயற்பியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் உங்கள் அறை வாசலில் வந்து நிற்கிறார்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். அவர்களிடம் உங்களில் பலர் சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல்: "நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அப்போது இளநிலை இறுதியாண்டில் இருந்தேன். மியூயான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் சீக்கிரம் சிதைந்துவிடும் ஒரு நுண்துகள். அதன் ஆயுளை அளப்பது என் செய்முறைத் திட்டம். வானிலிருந்து வரும் மியூயான், துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் ஒன்றுக்குள் நின்றால் ஒரு சிறு ஒளித்தெறிப்பு, அது சிதையும்போது இன்னொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். புத்தகத்தில் இருக்கும் மதிப்பு ஏறக்குறைய 2.2 மைக்ரோ நொடி. எனக்கு எத்தனை முறை அளந்தாலும் 2.1-ஐ ஒட்டியே வந்தது. "பிழை வரம்புக்குள் வந்துவிட்டது என்று எழுதிவிடு" என்றார்கள் உடன் படித்தவர்கள். எனக்கு மனம் வரவில்லை. நேரம் அளக்கும் கருவியைச் சோதித்தேன், பின்னணி எண்ணிக்கையைக் கழித்துப் பார்த்தேன், மூன்று வாரம் போனது. கடைசியில் பிடிபட்டது: எதிர்மின் மியூயான்களில் சில, சிதைவதற்கு முன்பே பிளாஸ்டிக்கில் உள்ள கார்பன் அணுக்கருவால் பிடிக்கப்பட்டுவிடுகின்றன. அதனால் அவற்றின் சராசரி ஆயுள் குறைகிறது. நேர்மின், எதிர்மின் இரண்டும் கலந்து வருவதால் மொத்தச் சராசரியும் கொஞ்சம் இறங்குகிறது. என் எண் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இது தெரிந்தவர் ஒரே ஒருவர், எனக்கு வழிகாட்டிய ஆசிரியர். அந்த மூன்று வாரமும் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர்தான் என்னையே எழுதி வரச் சொன்னார். இரண்டு மாதிரிக் கடிதங்களைத் தேடி எடுத்து, "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், வகுப்பின் சிறந்த மாணவர்களில் ஒருவர்" என்று எழுதிக் கொடுத்தேன். மியூயான் அதில் இல்லை. இன்னொருவர் குரலில் என்னை நானே எப்படிப் புகழ்வது? அதோடு, அந்த மூன்று வாரம்தான் சொல்ல வேண்டிய விஷயம் என்பதே அந்த வயதில் எனக்குத் தெரியாது. மற்ற இரண்டு ஆசிரியர்களும் அதையே சொன்னார்கள். ஆக, மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டவை. அந்த ஆண்டு விண்ணப்பித்த எட்டுத் துறைகளிலும் இடம் கிடைக்கவில்லை. கடிதங்கள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஆனால் என்னை அறிந்த ஒருவரின் சொல் ஒன்றுகூட அந்தக் கோப்பில் இல்லை என்பது மட்டும் உறுதி.

விண்ணப்பத்தில் வேறு என்னதான் இருக்கிறது என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியல், ஏன் படிக்க விரும்புகிறேன் என்று மாணவர் எழுதும் நோக்க அறிக்கை, சில இடங்களில் ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வின் இயற்பியல் தாள். அந்தத் தேர்வையும் பல துறைகள் இப்போது விருப்பத்துக்கு விட்டுவிட்டன, சில பார்ப்பதே இல்லை. பெயரே கேள்விப்படாத ஒரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு, அங்கே 78 என்பது பெரிய எண்ணா, சாதாரண எண்ணா என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நீங்கள் சொன்னால்தான் தெரியும். ஆய்வகத்தில் கருவி இல்லாமல் இவர் என்ன செய்தார், மூன்றாம் பருவத்தில் மதிப்பெண் ஏன் சரிந்தது, இத்தனை ஆண்டுகளில் நீங்கள் பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார், இதெல்லாம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் பொதுவாக மூன்று கடிதங்கள் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் படிவத்தில், இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று மாணவர் ஒப்புதல் தரும் இடம் உண்டு. பெரும்பாலோர் தருகிறோம். அதைக் கொடுத்துவிட்டு அந்தக் கடிதத்தையே தட்டச்சு செய்ய உட்காரும் மாணவருக்கு என்ன பாடம் கிடைக்கிறது? தரவைத் திருத்தாதே என்று ஆய்வகத்தில் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்.

இயற்பியல் வரலாற்றில் இந்தக் கடிதங்களுக்கு ஒரு இடம் இருக்கிறது. 1900-இல் சூரிக்கில் படிப்பை முடித்த ஐன்ஸ்டைனுக்கு உதவியாளர் வேலை எங்கும் கிடைக்கவில்லை. தனக்குக் கற்பித்த வெபர்தான் தன்னைப் பற்றித் தவறாகச் சொல்கிறார் என்று அவர் சந்தேகப்பட்டார். 1901 மார்ச்சில் ஜெர்மனியின் லைப்சிக்கில் இருந்த வேதியியலாளர் ஆஸ்வால்டுக்குத் தன் முதல் கட்டுரையை அனுப்பி வேலை கேட்டார். பதில் வரவில்லை. ஏப்ரல் 13 அன்று, மகனுக்குத் தெரியாமல், அவருடைய தந்தை ஹெர்மான் அதே ஆஸ்வால்டுக்கு எழுதினார். என் மகன் மனம் உடைந்திருக்கிறான், அவன் கட்டுரையைப் படித்து ஊக்கமாகச் சில வரி எழுதுங்கள், முடிந்தால் ஓர் உதவியாளர் வேலையும் கொடுங்கள் என்று கேட்டார். அறிவியலாளர் அல்லாத ஒரு வணிகர், ஆசிரியர்கள் எழுத வேண்டிய கடிதத்தைத் தானே எழுதுகிறார். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1910-இல் ஐன்ஸ்டைனை முதன்முதலில் நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தவர் அதே ஆஸ்வால்டுதான். ஹெர்மான் 1902-லேயே இறந்துவிட்டார்.

அமெரிக்க இயற்பியலாளர் ஃபைன்மனுக்கு வேறு மாதிரி நடந்தது. 1939-இல் எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்து, ஆய்வுக்கும் அங்கேயே இருக்க நினைத்தார். வேறு இடத்துக்குப் போ என்று சொன்னவர் துறைத் தலைவர் ஸ்லேட்டர். பிரின்ஸ்டன் தயங்கியது, வரலாறு, ஆங்கிலத் தேர்வுகளில் அவர் எண்கள் அவ்வளவு மோசம். அவர் யூதர் என்பதும் அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம், அது அந்தக் காலத்தின் அசிங்கம். எம்.ஐ.டி.யின் ஆசிரியர்கள் அவருக்காக எழுதி வாதாடினார்கள். மதிப்பெண் பட்டியலை மட்டும் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். பத்து மாணவர்கள், ஆளுக்கு எட்டுப் பல்கலைக்கழகம், ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு, தனிக் கடவுச்சொல், அதே கேள்விகள். வகுப்பும் விடைத்தாளும் அதற்கு மேல். இதற்கென்று யாரும் உங்களுக்கு நேரம் ஒதுக்கித் தருவதில்லை. சிலர் தங்கள் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குகிறீர்கள். மாணவரே எழுதினால் நன்றாக வரும் என்று நல்லெண்ணத்தோடும் சொல்கிறீர்கள். ஆனால் படிப்பவரும் ஓர் இயற்பியலாளர்தான். இலக்கணப் பிழையோடு எழுதிய "இவர் எண்ணைத் திருத்த மறுத்தார், மூன்று வாரம் தேடினார்" என்ற ஒரு வரி அவருக்குப் போதும். மாணவரிடம் குறிப்புகள் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை. என்னென்ன செய்தாய், எந்தப் பாடத்தில் என்னிடம் படித்தாய் என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள், ஒரு மாதம் முன்பே வரச் சொல்லுங்கள். கடிதம் ஒன்று போதும், எட்டு இடத்துக்கும் அதையே ஏற்றலாம்.

மாணவிகளுக்கு எழுதும்போது கொஞ்சம் கூடுதலாக யோசியுங்கள். புவி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பணிகளுக்காக 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2016-இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்தது. மிகச் சிறந்தது என்று சொல்லத்தக்க கடிதம் பெண்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஆண்களில் பாதி அளவே இருந்தது. "பணிவானவள், பொறுப்பானவள்" என்று எழுத வரும்போது, அவள் எந்தக் கணக்கைத் தீர்த்தாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நேரமே இல்லை, அல்லது அந்த மாணவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றால், முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறு ஒருவரைத் தேட அவருக்கு நாள் இருக்கும்.

நான் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தேன். இந்த முறை போனது இன்னொரு ஆசிரியரிடம், எனக்கு ஒரே ஒரு பாடம் எடுத்தவர். "உன் ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்து வா" என்றார். ஒரு மணி நேரம் புரட்டினார், கேள்விகள் கேட்டார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பிப்ரவரியில் ஒரு துறையின் நேர்காணலில், திரையில் இருந்தவர் வணக்கம் சொன்ன கையோடு கேட்டார்: "அந்த எண் 2.1 வந்ததே, முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள்?" என் நோக்க அறிக்கையில் அந்த எண்ணை நான் எழுதியிருக்கவில்லை.

பல துறைகளின் கெடு டிசம்பர் நடுவில் முடிகிறது. உங்களிடம் வரும் மாணவரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவிகளில் ஒருத்தி