சென்னைக் கால்பந்து 2014இல் பிறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில், 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்த பிறகுதான் சென்னை தேசிய அளவிலான கால்பந்தைக் கண்டது என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். படித்ததும் மனசு கொதித்துவிட்டது.

1996இல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கின் ஆரம்ப ஆண்டுகளில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், கோவாவின் சல்கோக்கர் எல்லாம் நேரு ஸ்டேடியத்துக்கு வந்து யாருடன் ஆடின? இந்தியன் வங்கியுடன். உங்களுக்குத் தெரியாததல்ல. கூடைப்பந்து, வாலிபால், ஹாக்கி என்று பல அணிகள் வைத்திருந்தாலும், எங்கள் பக்கத்தில் 'பேங்க் டீம்' என்றால் அது கால்பந்து அணிதான். இந்தியாவின் கேப்டனாக இருந்த வி.பி.சத்யன் அதில் ஆடியவர். பின்னாளில் ஐ.எஸ்.எல். அணியான 'சென்னையின் எஃப்.சி.'யின் பயிற்சியாளர் குழுவில் இருந்த சபீர் பாஷாவும் அந்த அணியிலிருந்து வந்தவர்தான். இதை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

சென்னையில் மட்டுமல்ல, வெளியூர்களிலும் இப்படி அலுவலக அணிகள் இருந்தன. 1977இல் கிளப்புகளுக்கான தேசியப் போட்டியான ஃபெடரேஷன் கோப்பையை முதல்முறை நடத்தியபோது அதை மோகன் பகானைத் தோற்கடித்து வாங்கியது பெங்களூரு ஐ.டி.ஐ., டெலிபோன் தயாரித்த அரசுத் தொழிற்சாலை. 1990இலும் 91இலும் அதே கோப்பையை வென்றது கேரளா போலீஸ்.

என் தம்பியும் கால்பந்தால்தான் அரசு வேலைக்குப் போனான். காலையில் பயிற்சி, அப்புறம் குளித்துவிட்டு, கணுக்காலில் கட்டோடு கவுன்டரில் உட்காருவான். மழையில் நனைந்த பூட்ஸுக்குள் அம்மா உங்கள் பத்திரிகையைத்தான் கிழித்துத் திணித்து வைப்பார். முட்டி போன பிறகும் அவனுக்குச் சம்பளம் நிற்கவில்லை. இன்று பென்ஷன் வாங்குகிறான். வியாசர்பாடியில் எத்தனையோ வீடுகள் இப்படித்தான் நிமிர்ந்தன. எங்கள் பகுதி மைதானத்தில் ஆடி வளர்ந்த அவன் மகன் ஒரு அலுவலக அணியின் ஆட்டத் தேர்வுக்குப் போனான். நன்றாக ஆடினான். ஆனாலும் இப்போதைக்கு ஆள் எடுப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு சுருங்கியதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்ததாக எனக்கு நினைவில்லை.

2013இல் கிளப் உரிமம் இல்லை என்று அரசு நிறுவன அணிகளான ஏர் இந்தியாவையும் ஓ.என்.ஜி.சி.யையும், தேசிய லீக்கின் இடத்தில் வந்த ஐ-லீக்கிலிருந்து வெளியேற்றினார்கள். சரி, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி அது. ஆனால் தனியார் கிளப் என்றால் நிலைத்துவிடுமா? 2018-19இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி இன்று அந்த லீக்கிலேயே இல்லை. அங்கே ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளத்துக்கு யார் பொறுப்பு?

இத்தனை வருட வாசகன் என்ற உரிமையில்தான் இவ்வளவும் எழுதினேன். ஐரோப்பிய லீக் ஆட்டங்களுக்கு அரைப் பக்கம் தருகிறீர்கள், தாருங்கள். சென்னை லீக் நடக்கும் நாட்களில் அணிகளின் பெயர், கோல் கணக்கு, கோல் அடித்த பையனின் பெயர், மறுநாள் ஆட்டம் எந்த மைதானத்தில், இவற்றை ஒரு மூலையில் நான்கு வரி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த வாக்கியத்துக்கும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.